அம்மா ‘இல்லை’ என்று எழுதிய படிவம்

வேலைக்குப் போகும் டிராமில் நின்றபடி அந்த அழைப்பை எடுத்தேன். சூரிச்சில் ஒரு எக்ஸ்ரே நிலையத்தில் யாரோ வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம். நாளை மறுநாள் அம்மாவுக்கு மார்பகப் படமெடுக்க இடம் இருக்கிறது. சந்தோஷத்தில் நான் போட்ட சத்தத்துக்கு அரை டிராம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும், ஐந்து மாதம் அலைந்தவள் நான்.

பக்கத்துக் கன்டோனில், அதாவது பக்கத்து மாநிலத்தில், ஐம்பது வயதானால் மார்பகப் பரிசோதனைக்கு வீடு தேடிக் கடிதம் வரும். அப்போது எங்கள் பக்கம் அது இல்லை. எங்கள் ஊரான ஊஸ்டரில் தெரிந்த எக்ஸ்ரே மருத்துவரோ, நோயில்லாத பெண்களைப் படமெடுப்பதையே நிறுத்திவிட்டார். காப்புறுதி கொடுப்பது சொற்பம், ஒரு சிறு புள்ளியைத் தவறவிட்டால் வழக்கு தன் தலையில்தான் விழும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

சூரிச்சில் குடும்ப மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் காப்புறுதி செலவை ஏற்கும். இல்லையென்றால் முழுச் செலவும் எங்களுடையது. அப்படியானால் வேண்டாம் என்று அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்ட நிலையத்தின் படிவத்தில் அம்மா ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். உண்மையில் அம்மாவின் சொந்த அக்கா, என் பெரியம்மா, அந்த நோயில்தான் போனார். ஆனால் இது எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம். விஷயம் வெளியில் தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். கலியாணத்துக்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டாமா என்று நான் கத்தியும் பார்த்தேன்.

அழைப்பு வந்த மறுநாள் குடும்ப மருத்துவரிடம் எங்களைக் காரில் கூட்டிப்போனது யார்? மாப்பிள்ளையின் தாயார்! வெளியில் இருங்கள் என்று சொல்ல முடியுமா? அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று மருத்துவர் ஜெர்மனில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தார்.

“ஓம். என்ரை அக்காவுக்கு. அதிலைதான் அவ செத்தவ.”

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன்; அதற்குள் மாப்பிள்ளையின் தாயார் தன் கதிரையை அம்மாவின் பக்கம் இழுத்தார்.

“என்ரை அம்மாவுக்கும் உதுதான். நாங்களும் உங்களுக்குச் சொல்லேல்லை. பிள்ளை, எனக்கும் ஒரு கடிதம் கேளுங்கோ.”

மருத்துவரிடம் இரண்டு கடிதம் கேட்டேன். கேட்கும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் எதையும் அடக்கவில்லை.