கீழ்த்தட்டு எலிகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் குட்டையம்மா என்று பெயர். முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருடமாகியும், வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் பிழைப்பு. எலிகளுக்குப் பார்க்கின்சன் நோயை வரவழைத்து, தும்மலுக்குப் போடுகிற ஒரு பழைய மாத்திரை அது முற்றுவதைத் தாமதப்படுத்துகிறதா என்று பார்ப்பது நான்கு வருடமாக அவள் வேலை. சுழலும் உருளைமேல் எலியை ஏற்றிவிட்டு, விழும்வரை நொடிகளை எண்ண வேண்டும். எந்தக் கூண்டுக்கு மருந்து என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கண் பாரபட்சம் பார்க்குமாம்.

முடிவில் பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது, மருந்து குடித்த எலிகள் இரண்டு மடங்கு நேரம் தாக்குப்பிடித்திருந்தன. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அதை அப்பாவிடம் சொன்னாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அதே நோயில் வலது கை மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. மறுநாளே மருந்துக்கடையில் அந்த மாத்திரையை வாங்கிவிட்டார். நடுக்கம் பாதியாகிவிட்டது என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும்.

பிறகு அலமாரியை மாற்றியபோது கூண்டுகள் மேலும் கீழுமாகக் கலந்துபோயின. அடுத்த சோதனையில் மருந்து குடித்த எலிகளும் குடிக்காதவையும் சராசரியாக ஒரே நேரத்தில் விழுந்தன. மூன்று நாள் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்தாள். மருந்து கலந்த தண்ணீர்ப் பாட்டில் மாறிவிடக்கூடாதே என்று, கூண்டுகளைப் பராமரிப்பவர் மருந்துக் கூண்டுகளையெல்லாம் கீழ்த்தட்டிலேயே வைத்திருக்கிறார். இவள் எட்டாத மேல்தட்டுக்கு ஸ்டூல் போடச் சோம்பல்பட்டு, நான்கு வருடமும் கீழிருந்தே ஆரம்பித்திருக்கிறாள். கீழ்த்தட்டு எலிகள் காலையில் துறுதுறுவென்று ஓடின. மேல்தட்டு எலிகள் மதியத் தூக்கக் கலக்கத்தில் விழுந்தன. மருந்து ஒரு மண்ணும் செய்யவில்லை.

கட்டுரை அச்சுக்குப் போயாயிற்று, வாயை மூடிக்கொண்டிரு என்றார் பேராசிரியர். பிழைக்கத் தெரியாதவள், கட்டுரையை ஏற்ற ஆய்வுப் பத்திரிகைக்குத் தவற்றைத் தானே எழுதிப்போட்டாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லி, அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். அவர் நம்பவில்லை. எழுந்து கூடத்தில் நடந்து காட்டினார்.

"நீயே பாரு. எப்படி இருக்கு?"

கால் தரையை உரசிக்கொண்டே போனது. நான்கு வருடம் நடையை மட்டுமே பார்த்த கண் அவளுக்கு.

"போன வருஷத்தைவிட மோசம்ப்பா."

அவர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை என்பதுதான் கொடுமை.

"அங்க உண்மையைச் சொன்னே, வேலை போச்சு, சரி. என்கிட்டயாவது பொய் சொல்லியிருக்கலாமேம்மா."

அவர் மாத்திரை அட்டையை எடுத்தார். பிதுக்க விரல் வரவில்லை. அவளிடம் நீட்டினார். அவள் பிதுக்கிக் கொடுத்தாள்.