ஜோசுவாவின் மணிக்கட்டு

சூரியபிரகாஷுக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். ஆம்பூரில் கணினி வாங்கிய பலருக்கும் இது தெரியும். வேலை சுத்தம் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். அவனுடைய கணினிக் கடையில் அவனோடு ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர் கிடையாது, பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஜோசுவாவைத் தவிர. இவனும் போய்விட்டால் அவனுக்கு நாதியில்லை.

எங்கள் ஷூ கம்பெனிக்குப் புதுக் கணினி வந்தது. நான் அங்கே ஸ்டோர் கிளார்க். பாகங்களை வேலூரில் வாங்கி வந்தவன் ஜோசுவா, பூட்டியவன் சூரியபிரகாஷ். எந்தப் புது மிஷினையும் இங்கே பூஜை போடாமல் ஓட்ட மாட்டோம். சூரியபிரகாஷே சூடம் காட்டி, எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி, பெட்டியின் தலைமேல் பக்தியோடு பிழிந்தான். அங்கே முழுக்கக் காற்றுத் துளைகள் என்பதை அந்த மேதாவி யோசிக்கவில்லை. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இயங்குதளமான லினக்ஸ் ஏற ஆரம்பித்துப் பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினால் வேறோர் இடத்தில் நின்றது. சூரியபிரகாஷ் மெமரி அட்டையான ரேமுக்குச் சோதனை ஓட்டினான். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள்.

“பழைய ரேம தள்ளிவுட்டுட்டு மிச்சக் காச அமுக்கிட்டியாடா?” என்று ஜோசுவாவிடம் பாய்ந்தான்.

“இன்னா பேசற? புதுசுதான்டா, சத்தியமா. பேஜார் பண்ணாத. வேற ஸ்லாட்ல போட்டுப் பாக்கறேன், தள்ளு.”

ஜோசுவா பெட்டிக்குள் கை விடப் போனான். சூரியபிரகாஷ் அவன் சட்டையைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கீபோர்டில் கொட்டியது. நான் ஓடுவதற்குள் பக்கத்திலிருந்த யூபிஎஸ்ஸைத் தூக்கி, ஜோசுவா மேசையில் ஊன்றியிருந்த மணிக்கட்டின்மேல் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

“நீயெல்லாம் மனுஷனாடா?” என்று கத்திக்கொண்டே செருப்பைக் கழற்றி அவனை அடித்தேன். இன்றுவரை அதற்கு நான் வருந்தவில்லை.

ஜோசுவாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சூரியபிரகாஷ் ஆத்திரம் அடங்காமல் ரேமைப் பிடுங்கினான். அது செருகியிருந்த ஸ்லாட்டுக்குள் குங்குமம் கலந்த எலுமிச்சைச் சாறு பிசுபிசுத்தது. பிறகு ரேமைத் துடைத்து, ஜோசுவா சொன்னபடி வேறு ஸ்லாட்டில் செருகினான். லினக்ஸ் தடையே இல்லாமல் ஏறி முடிந்தது. அவன் தரையில் உட்கார்ந்து தன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டான். எனக்குப் பாவமாகக்கூட இல்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜோசுவாவுக்கு முழங்கைவரை மாவுக்கட்டு. காலைப் பிடிக்க வந்தவனை அவன் தடுத்தான்.

“நீ அத்த தூக்குனப்பவே நான் கைய எடுத்திருக்கலாம். எடுக்கல. யார அடிச்சாலும் என்னை அடிக்க மாட்டன்னு இருந்தேன்.”

சொல்லிவிட்டுத் தன்னிடமிருந்த கடைச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.