கல்வெட்டில் பெய்த மழை

ஈரக் குடைகள் சொருகிய ஒரு பிளாஸ்டிக் வாளி... எம்.ஏ. வரலாறு படித்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதன் வாசனைதான். காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் எங்கள் டிபார்ட்மென்ட் லைப்ரரி. வாசலில் அந்த வாளி. உள்ளே பழைய காகிதமும் ஈரத்துணியும் கலந்து ஒரு நெடி. யாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

நான் ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். தாத்தா காலத்திலேயே கும்பகோணத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். பக்கத்து சீட் பியாலி, பாலிகஞ்ச் பெங்காலி. என் டப்பாவில் எலுமிச்சை சாதம் இருந்தால் அது அவளுக்கு, அவள் டப்பாவில் லூச்சி, அதுதான் அவர்கள் வீட்டு மைதா பூரி, இருந்தால் அது எனக்கு. பேச்செல்லாம் பெங்காலியில்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

மேடம் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு செமினார் பேப்பர் கொடுத்தார். சோழர் படை வங்காளம் வரை வந்தது பற்றி மூல ஆதாரங்கள் என்ன சொல்கின்றன? பாடப்புத்தகத்தைத் தொடக்கூடாது. அந்தக் காலத்துக் கல்வெட்டும் செப்பேடும் மட்டும்தான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பேப்பர். ஆளுக்குப் பாதின்னு எழுதி ஒட்டிக்கிட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்று வேறு சொல்லிவிட்டார்.

தமிழ்ப் பெண் என்பதால் சோழர் கல்வெட்டு என் தலையில், வங்காளத்துச் செப்பேடு பியாலி தலையில். அப்பா சொல்லிக்கொடுத்த தமிழில் வாரப்பத்திரிகை படிப்பேன், அவ்வளவுதான். கல்வெட்டுத் தமிழைப் பார்த்ததும் கண்ணைக் கட்டியது. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் போனேன். மன்னன் வென்ற நாடுகளை வரிசையாகப் புகழும் மெய்க்கீர்த்தி அது. நடுவில் வங்காளம்! சாரல் ஓயாத நாடாம். அதன் அரசன் யானையை விட்டு இறங்கி ஓடினானாம்.

வீட்டில் சொன்னேன். யார்டில் வேலை முடித்துக் களைத்து வந்திருந்த அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

"பார்த்தியா, நம்ம ராஜா! நாம ரயில்ல வந்தோம், அவர் படையோட வந்திருக்கார்."

மறுநாள் அதே தெம்போடு பியாலியிடம் ஆரம்பித்தேன். "எங்க ராஜா வந்தார், உங்க ராஜா யானையை விட்டுட்டு ஓடினார். கல்லுலயே வெட்டியிருக்கு."

அவள் நிதானமாகத் தன் குறிப்புகளைப் புரட்டினாள். "நான் பார்த்த செப்பேட்டுல அப்படி ஒருத்தர் வந்ததாவே இல்லையே. இங்கேயும் ராஜா எல்லாரையும் ஜெயிச்சுக்கிட்டுதான் இருக்கார்."

"தோத்ததை யாராவது எழுதி வைப்பாங்களா?"

"ஜெயிச்சேன்னு எழுதினா மட்டும் நம்பிடணுமா? அது என்ன எங்க, உங்க? நீ பொறந்தது சாந்த்ராகாச்சியில. நீ எந்தப் பக்கம்?"

சுருக்கென்று தைத்தது. காக்கிமா என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நாங்கள் 'மாட்ராஜி'. கும்பகோணம் போனால் சித்தப்பா பிள்ளைகளுக்கு 'பெங்காலி'. இவள் ஒருத்தியாவது கேட்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே... பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. என் பாதியை எழுதி அவள் மேசையில் வைத்தேன். அவள் பாதி என் மேசைக்கு வந்தது. எலுமிச்சை சாதத்தை நானே சாப்பிட்டேன். பேப்பர் போனால் போகட்டும்... இவளும் போய்விட்டால் அந்தக் காலேஜில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

செமினார் அன்று விடியலிலிருந்தே பேய் மழை. ஹவுராவில் ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. காலேஜ் ஸ்ட்ரீட்டில் முழங்கால் தண்ணீர். புத்தகக் கடைக்காரர்கள் நீலப் பாலிதீனை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேப்பரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். எங்கேயோ ஒரு செருப்பு கழன்று தண்ணீரோடு போயே போய்விட்டது.

ஒரு கடைப் படியில் பியாலி, சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். நானும் படியேறினேன். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள்.

"ராஜா ஓடினது எனக்குத் தெரியாது. ஆனா சாரல் ஓயாத நாடுன்னு எழுதியிருக்கே, அதை நம்பறேன். யாரோ இங்க வந்து நல்லா நனைஞ்சு, ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கான்."

எனக்குப் பொறி தட்டியது. "ஆமாம்டி! மழை பெஞ்சா ராஜாவுக்கு என்ன பெருமை? அதுல பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

"அப்போ பேப்பரை அங்கேர்ந்து ஆரம்பிப்போம்" என்றாள். பையிலிருந்து பேனாவை எடுத்தபடியே, "அன்னைக்கு உன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து அடித்துத் திருத்தினோம். என் பாதியில் 'எங்கள் மன்னன்' எல்லாம் 'சோழ மன்னன்' ஆனான். அவள் பாதியில் 'படை வரவே இல்லை' என்பது 'செப்பேடுகள் எதுவும் சொல்லவில்லை' ஆனது. அரசன் ஓடியதற்காவது ஒரு வரி இருக்கிறது, யாருடைய வயலை மிதித்துக்கொண்டு படை போனதோ அவனுக்கு இரண்டு பக்கத்திலும் ஒரு வார்த்தைகூட இல்லை என்று கடைசியில் சேர்த்தோம். மேடம் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது அதே ஊரின் ஓரத்தில், நியூ டவுனில் உயரமான ஃப்ளாட். மழை கண்ணாடிக்கு வெளியே சத்தமில்லாமல் பெய்கிறது. கல்வெட்டெல்லாம் ஃபோனிலேயே கிடைக்கிறது, வாளியில் குடை வைக்க வேண்டியதில்லை. பியாலியும் இதே ஊரில்தான் இருக்கிறாள். ஆனால் பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா பையன் ஒரு போஸ்டர் போட்டான். யானை, ஓடுகிற அரசன், மேலே 'வங்கத்தை வென்ற நம் இனம்'. கீழே ஏகப்பட்ட கைதட்டல்.

என் மகள் எட்டிப் பார்த்தாள். தமிழைவிட பெங்காலி நன்றாக வரும் அவளுக்கு. "அம்மா, அப்போ நாம எந்தப் பக்கம்?"

தூக்கிவாரிப் போட்டது. ஆனால் இந்தத் தடவை கோபம் வரவில்லை.

"நனைஞ்ச பக்கம்டி" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே பியாலிக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"உன் செருப்பு கிடைச்சுதா?"