டெல்பர்ட்டுக்கு ஒரு மீன் விருந்து

எங்கள் மிசிசிப்பிப் பக்கத்தில் யாருக்காவது பெரிய நோய் வந்துவிட்டால் முதலில் டெல்பர்ட் மக்கெல்ராயைத்தான் கூப்பிடுவார்கள். அவன் டாக்டர் இல்லை, மரம் வெட்டுகிறவன். தேவாலய முற்றத்தில் கொப்பரையை ஏற்றி, கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டி அவன் பொரித்தால் சுற்றுவட்டாரமே தட்டு வாங்க வரும். வசூல் நோயாளியின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போகும். பச்சைக் குழந்தையின் இதயத்துக்கு, பாதிரியாரின் புற்றுநோய்க்கு, முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரனின் முதுகுக்கு என்று அத்தனைக்கும் கொதிக்கும் எண்ணெய்முன் நின்றவன். நல்லவன். அதைச் சொல்லாவிட்டால் என் வாய் அழுகிப்போகும்.

ஆனால் அடிமுட்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவனுக்குச் சர்க்கரை வியாதி. மரம் வெட்டும் கூலியில் காப்பீடு எடுக்க வழியில்லை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு இங்கே பெரும்பாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான். உழைத்தும் வயிறு நிறையாதவனுக்கு நாமம். இன்சுலினைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினான். வலது கால்விரல் கறுத்தபோது ஏதோ களிம்பைத் தடவிக் காலுறையை இழுத்துவிட்டான்.

அந்தக் காப்பீட்டை இவனைப் போன்றவர்களுக்கும் நீட்டலாமா என்று சட்டசபையில் பேச்சு கிளம்பிய சமயம். பக்கத்து வீட்டுக்காரி நான் அவன் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கருத்துக்கணிப்புக்காரி ஒருத்தி அவனைப் போனில் அழைத்து, நீட்டலாமா வேண்டாமா என்று கேட்டாள்.

"வேண்டவே வேண்டாம்மா," என்றான் டெல்பர்ட். "உழைக்காம உக்காந்து திங்கிற கூட்டத்துக்கு நான் ஏன் அழணும்?"

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "யோவ், அது உனக்குத்தான்யா! அவ கேட்டதே உன்னைப் பத்தித்தான்!"

"எனக்கா? நான் என்ன ஓசிக்கு அலையறவனா? வாயைக் கழுவு, ஜெனல்."

அவன் மனைவி வனிடா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் காப்பியே கசந்துவிட்டது.

மசோதா தோற்றது. எங்கள் சட்டசபை உறுப்பினர் கோல்மன் பிரையர், "என் தொகுதி சனங்களே வேண்டாம்னுட்டாங்க" என்று சிரித்தபடி பேட்டி கொடுத்தான். இலையுதிர்காலத்தில் டெல்பர்ட்டின் வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

அப்புறம் என்ன, அவனுக்கே மீன் விருந்து. சக்கர நாற்காலியில் கொப்பரைப் பக்கம் உட்கார்ந்து, பொரிக்கிறவர்களை விரட்டினான். "எண்ணெய் காயறதுக்குள்ள போடறியேடா! மீனைக் குளிப்பாட்டவா போறே?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரையரும் வந்தான். ஒரு தட்டு வாங்கி, விரலை நக்கிக்கொண்டே ஒலிபெருக்கியைப் பிடித்தான். "பாத்தீங்களா? நம்ம ஆளுங்களை நாமளே பாத்துக்கறோம். இதுக்கு அரசாங்கம் எதுக்குங்க?"

கைதட்டல் அடங்கவே இல்லை. டெல்பர்ட்டும் தட்டினான், கண்ணில் நீர் தளும்ப. தூ! என் தட்டை மீனோடு குப்பையில் வீசிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். வனிடா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது கூத்து? காலைப் பறிகொடுத்தவன், அதுக்குக் காரணமானவனுக்கே கை தட்டறான்!"

அவள் என் கையைப் பிடித்துக் கதவோரம் இழுத்தாள். "மெதுவாப் பேசு, ஜெனல். இடது கால் கட்டைவிரலும் கறுத்திருக்கு. காலையில்தான் பாத்தேன்."

"அடிப்பாவி! இப்பவே போய்ச் சொல்லு. ஊரே இங்கதானே இருக்கு!"

"எப்படிச் சொல்றது? ஒரு வீட்டுக்கு வருஷத்துல ஒரு விருந்துதான்," என்றாள் வனிடா. "எங்க வீட்டுக்காரரே போட்ட சட்டம்டி அது. ரெண்டாவது தடவை கேட்டா ஓசித் தீனியாம்."