கதவில்லாத வீட்டில் ஒட்டிய நோட்டீஸ்

விழுப்புரம் தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திண்டிவனத்தில் ஒரு வருவாய்த் துறை அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் எல்லம்மா, பட்டா ரத்து உத்தரவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அரசு ஒதுக்கிய மனையில், தணிக்கைக்குப் போனபோது அவர் குடியில்லை என்பது காரணம். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

"விசாரணைக்கு ஏம்மா வரல? நோட்டீஸ வாங்க ஆளில்லன்னு உங்க வீட்டுக் கதவுல ஒட்டியிருக்காங்களே?"

"எந்தக் கதவுலங்க? எங்க ஊட்டுக்கு ஏது கதவு? கீத்துத் தட்டியத்தான் சாத்திக்கினு கெடக்கறோம். நாயிகூட தள்ளிக்கினு வருது!"

பக்கத்து மேசைகள் சிரித்தன. நான் சிரிக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நோட்டீஸ் ஒட்டியதாகப் படிவத்தை நிரப்பியிருக்கிறார். அதை நம்பி ரத்துக்கு வரைவு எழுதியவன் நான். நோட்டீஸ் கொடுப்பதற்கான விதிகளெல்லாம் எனக்கு எண்ணோடு தெரியும். குப்பத்து வீடு எப்படியிருக்கும் என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை.

எல்லம்மா உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். காலி செய்யத் தடை கிடைத்தது. நீதிபதி மூலக் கோப்பைக் கேட்டார். எங்கள் அதிகாரிக்கு வியர்த்துவிட்டது.

"கதவுன்னு இருக்கறத தட்டின்னு மாத்தி வேற ஷீட் வச்சுடுய்யா, ஜல்தி. இல்லன்னா பேஜாராப் பூடும்."

"பக்க எண் மையில போட்டாச்சுங்க சார், இனிமே தாள மாத்தினா தெரிஞ்சுடும்" என்றேன். பொய்யில்லை. அன்று காலைதான் போட்டிருந்தேன்.

இப்படிக் கோப்பைக் கேட்பது பழைய வழக்கம். இங்கிலாந்தில் அரசர் பெயரால் நடந்த நீதிமன்றம், கீழே இருப்பவர்கள் எழுதியதை 'மேலே அனுப்பு, பார்க்கிறேன்' என்று வரவழைத்தது. கம்பெனிக் காலத்தில் அது கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. பெரும்பாலும் நகர எல்லையோடு நின்றுகொண்டது. உயர் நீதிமன்றத்துக்கு மாநிலம் முழுக்க அந்த அதிகாரம் தந்த அரசியலமைப்பின் 226ஆம் பிரிவுதான் அதைக் குப்பம் வரை நடத்திக் கூட்டிவந்தது.

நான் சென்னைக்குக் கொண்டுபோன கோப்பை நீதிபதி புரட்டினார். மனுவோடு இருந்த வீட்டுப் படத்தையும் பார்த்தார். "மனை யாருக்குன்னு நான் சொல்லப் போறதில்ல. அது உங்க வேலை. ஆனா அந்தம்மாவக் கேக்காமலே முடிவு பண்ணியிருக்கீங்க. அதத்தான் நான் பாக்கணும்" என்று உத்தரவை ரத்து செய்தார்.

அரசு தோற்றது. சென்னையிலிருந்து விழுப்புரத்தில் இருந்த என் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், திண்டிவனம் தாண்டியதுகூடத் தெரியாமல் தூங்கினேன்.

மறுவிசாரணை நோட்டீஸை நானே கொண்டுபோய் எல்லம்மாவின் கையில் கொடுத்தேன். விசாரணையன்று அவர் அதிகாரியிடம் சொன்னது இவ்வளவுதான்:

"காத்தால மீன எடுத்துக்கினு கெளம்பனா பொழுதுபோயித்தாங்க வர்றேன். பகல்ல வந்து பாத்துட்டு ஆளில்லன்னா எப்டிங்க?"

அக்கம்பக்கத்தாரும் அதையே சொன்னார்கள். பட்டா அவர் பேரிலேயே நின்றது. இந்த ஒரு பதிலைக் காது கொடுத்துக் கேட்க, எங்களுக்கு ஓர் உயர் நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.