கழற்றாத மாலை

என் வாய் சும்மா இருக்காது. மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் வரிசையில் குடியிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். பாலில் தண்ணீர் கலந்தாலும் சரி, வீட்டுக்காரர் தகரக் கூரையின் ஓட்டையை அடைக்காமல் இழுத்தடித்தாலும் சரி, தெருவில் நின்று கேட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு கார்த்திகையிலிருந்து மாசி வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய நேரம் பார்த்து மூடிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுவில் நடந்தது இது.

என் கணவர் லாரி டிரைவர். கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வத்தலக்குண்டுக்கு இறங்குவார். கலகலப்பான மனிதர். எனக்குச் சரிக்குச் சரி சண்டை போடுவார்; நாங்கள் இருவரும் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவர் பேச்சு குறைந்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருப்பார்.

கார்த்திகை முதல் தேதி உருத்திராட்ச மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார். எங்கள் பக்கத்தில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் மார்கழியில்தான் மாலை போடுவார்கள். இவர் ஒரு மாதம் முன்னாலேயே போட்டுவிட்டார். மாலை போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர்க் குளியல், சவரம் கிடையாது, வீண் பேச்சு கிடையாது. ஊரே அவரைச் சாமி என்று கூப்பிடும். கட்டின பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாமியை வையக் கூடாது, ஏன் எதற்கு என்று குடையக் கூடாது.

அந்த ஒரு வேளைச் சோற்றையும் பாதி வைத்துவிட்டு எழுந்தார். நான் எப்போது விழித்துப் பார்த்தாலும் சுவரில் சாய்ந்து கண் திறந்திருப்பார். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். கூரைத் தகரத்தில் பனி சொட்டுகிற சத்தம்தான் வீட்டில் கேட்டது. மகளுக்கு அப்போது ஆறு வயது. "அப்பா ஏன் என்னையப் பாக்கவே மாட்டேங்கிறாரு?" என்றாள். "சாமியைத் தொந்தரவு பண்ணாதடி" என்று அவளைத்தான் அதட்டினேன்.

தெருப் பெண்கள், "விரதம்னா இதுல்ல விரதம். ஒங்க வீட்டுல முருகனே வந்து குடியிருக்கான்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்கண் பட்டுவிடுமே என்று சூடம் வேறு சுற்றிப் போட்டேன். அந்தச் சூடத்தை என் புத்திக்குச் சுற்றிப் போட்டிருக்க வேண்டும்.

தை மாதம் காட்டுப் பாதையில் மற்றவர்களோடு பழனிக்கு இறங்கி மொட்டை போட்டுத் திரும்பினார். மற்றவர்கள் மாலையைக் கழற்றிவிட்டு மறுநாளே பழையபடி பீடியும் சீட்டுமாக உட்கார்ந்துவிட்டார்கள். இவர் கழற்றவில்லை. கம்பளிக் கோட்டைக் கிளீனருக்குக் கொடுத்தார். கைக்கடிகாரத்தை என் தம்பிக்குக் கொடுத்தார். "ஆசையெல்லாம் அத்துப்போச்சு, பெரிய ஞானிதான்" என்று என் தம்பியே கும்பிட்டான். சாமியாராகப் போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன். அதற்கு மேல் பயப்பட எனக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் கழட்டியாச்சுங்க, நீங்க மட்டும் என்ன?" என்று நச்சரிக்க ஆரம்பித்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்" என்பார்.

மாசியில் ஒரு நாள் காலை முகம் தெளிந்து எழுந்தார். நான் வழக்கம்போல ஆரம்பிக்கவும், "சரி, நீயே கழட்டிரு" என்று கழுத்தைக் குனிந்தார். கழற்றினேன். சந்தோஷத்தில் கறி வாங்கிக் குழம்பு வைத்தேன், வயிறாரச் சாப்பிட்டார். மகளை மடியில் வைத்துத் தலையைத் தடவினார். அய்யம்பாளையத்தில் இருக்கும் அரை ஏக்கர் நிலத்தின் பத்திரம் தகரப் பெட்டியில் அடியில் இருக்கிறது என்றார். "பிள்ளையப் படிக்க வச்சிரு" என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். பாவி!

அன்று மத்தியானம் மகளுக்குக் காது வலி. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த வயதான நர்ஸுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும். காதில் மருந்து விட்டுக்கொண்டே என் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். விரதத்தையும், தானத்தையும், இன்று கறி சாப்பிட்டதையும் பெருமையாக அளந்தேன்.

நர்ஸ் மருந்துக் குப்பியை வைத்துவிட்டார். "ஏம்மா, இத்தன நாளு சாமி கும்பிட்டாரா?"

விளக்கேற்றியது நான். திருநீறு எடுத்துக் கொடுத்தது நான். அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட 'முருகா' வரவில்லை.

"தூக்கமில்ல, சோறு எறங்கல, பெத்த பிள்ளை மேல பிடிப்பில்ல. ஒரு வாரம் இருந்தா அலுப்புன்னு சொல்லலாம். மாசக்கணக்கா இருந்தா அது மனசுக்கு வந்த நோவும்மா. அப்பவே கூட்டியாந்திருக்கணும். இப்ப பொருளெல்லாம் குடுத்துட்டு, பத்திரம் இருக்கிற எடத்தச் சொல்லிட்டுத் தெளிவா இருக்காருன்னா எனக்குப் பயமா இருக்கு. வெரசா போ. சாகணும்னு தோணுதான்னு நேராக் கேளு."

"வாயக் கழுவுங்க சிஸ்டர்!" என்று கத்திவிட்டேன். "இல்லாத நெனப்ப நானே உண்டாக்கவா?"

"கேக்குறதால வராது. இருந்தா வெளிய வரும். கேட்டுட்டுத் தனியா விடாத."

பிள்ளையை நர்ஸிடமே விட்டுவிட்டு ஓடினேன். ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஏறி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. அன்றைக்கு லோடு கிடையாது என்று எனக்குத் தெரியும். லாரி ஷெட்டுக்கு ஓடினேன். கிளீனர் எதிரே வந்தான். டீ குடித்துவிட்டு மெதுவாக வரும்படி டிரைவர் அண்ணன் காசு கொடுத்தார் என்றான். அவனைத் தாண்டி ஓடினேன்.

லாரியில் தனியாக உட்கார்ந்திருந்தார். சாவி கையில் இருந்தது. மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"என்னங்க, சாகணும்னு தோணுதா?"

கண்ணாடிக்கு வெளியே பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார்.

நான் அழவில்லை, வையவில்லை. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். "வாங்க, டாக்டரப் பாப்போம்" என்றேன். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவர் மணிக்கட்டை நான் விடவில்லை.

மதுரை டாக்டர் நிதானமாகக் கேட்கக் கேட்க, வீட்டில் நடந்ததெல்லாம் வெளியே வந்தது. முந்தின வருஷம் எங்கள் கைக்குழந்தை காய்ச்சலில் போனது. நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன், அவர் மூன்றாம் நாளே லோடு ஏற்றிக்கொண்டு போனார். என் மாமனாரும் ஒரு காலத்தில் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தவராம். வீட்டில் சோம்பேறி என்றார்களாம். இது காரணமாக இருக்கலாம், அதுவும் இருக்கலாம், சிலருக்குக் காரணமே இல்லாமலும் வரும், எப்படி வந்தாலும் வைத்தியம் உண்டு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். உடனே பலிக்கவில்லை. நடுவில் ஒரு தடவை மறுபடி விழுந்தார், மறுபடி மதுரைக்குப் போனோம். ஆடி மாதம்தான் என்னோடு ஒரு சண்டை போட்டார். பிறகு வெகுகாலம் இருந்தார், மகள் கல்யாணத்தையும் பார்த்தார்.

ஆனால் அந்த முதல் நாள் மதுரை டாக்டர் அறையில் கேட்டது இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை. எப்போதிலிருந்து இந்த நினைப்பு என்று டாக்டர் கேட்டார்.

"ஐப்பசியிலருந்து சார்."

"இத்தன நாளு எது தடுத்துச்சு?"

"அதுக்குத்தான் சார் மாலை போட்டேன். கழுத்துல மாலை கெடக்கையில அந்தப் பாவத்தச் செய்ய முடியாதுல்ல. கழட்டவே பயமா இருந்துச்சு."

டாக்டர் வெறும் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார் கழட்டுனேன்" என்றேன்.