நடுக்கதவு உள்ள அறை

தைவானின் கீலுங் துறைமுகத்துக்கு எதிர்ச்சந்தின் முனையில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் மெய்-யுவேக்கு, அடுப்புக் கல்லுக்கு முன்னால் வந்து நிற்கிற ஆண்கள் எல்லோரும் அழகர்கள், பெண்கள் எல்லோரும் அழகிகள். பல்செட் கட்டிய மீன்காரி வந்தாலும் "வா அழகி, என்ன சாப்பிடறே, இங்கேயா பார்சலா?" என்றுதான் கேட்பாள். கூன் விழுந்த ஓய்வுபெற்ற தபால்காரர் "என்ன அழகா" என்ற ஒரு வார்த்தைக்காகவே மழையில் குடை பிடித்துக்கொண்டு வருவார். ஒரே ஒருவரைத்தான் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை, தன் கணவர் தியென்-ஃபுவை. பொய்க்கும் ஓர் அளவு இருக்கிறது என்பாள்.

கல்யாணமான மறுவருஷமே போட்ட கடை. முட்டை ரொட்டி, முள்ளங்கிக் கேக், சோயா பால், மிளகு நூடுல்ஸ். சீனப் புத்தாண்டுக்கும் பெரிய புயலுக்கும் மட்டும் கதவு சாத்துவாள். கல்லில் மாவை ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் தெருக்கோடியில் துறைமுகம். சொகுசுக் கப்பல் வந்து நின்றால் தெருக்கோடியில் வானமே தெரியாது, வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரியும். அந்தச் சுவரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருவதுதான் தியென்-ஃபுவின் வேலையாக இருந்தது. இழுவைப் படகில் காலத்தை ஓட்டியவர். "கப்பலோட பின்பக்கத்த என்ன மாதிரி பாத்தவன் இந்த ஊர்லயே கெடையாது" என்று பெருமையடிப்பார். உள்ளே கால் வைத்ததில்லை.

அவர் ஓய்வுபெற்ற வருஷம் மெய்-யுவே ஒரு முடிவெடுத்தாள். குடும்பம் முழுவதும் கப்பலில் ஜப்பானின் ஒக்கினாவா தீவுக்குப் போய்வர வேண்டும், செலவு அவளுடையது. குடும்பம் என்றால் ஐந்து பேர். மூத்தவள் யீ-சென், தாய்ச்சுங்கில் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் கணவன் போ-யென், பல்செட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான், பேச்சு குறைவு. இளையவன் யூ-தே, சின்ச்சுவில் சிப் தொழிற்சாலையில் இரவும் பகலும் வேலை பார்க்கிறவன். அவனுடைய காதலிக்கு லீவு கிடைக்கவில்லை.

அடுத்த கட்டடத்தில் டிராவல்ஸ் நடத்தும் ட்சாய் என்ற பெண் கப்பலின் வரைபடத்தைக் கொண்டுவந்து கடை மேசையில் விரித்தாள். தளம் தளமாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள்.

"அக்கா, ரெண்டு பேர் படுக்கற அறை மூணு எடுத்துக்குங்க. பால்கனி வேணுமா, ஜன்னல் போதுமா?"

"கீழ்த்தளத்துல நடுவுல எடு. அங்கதான் ஆட்டம் கம்மி" என்றார் தியென்-ஃபு.

"நீங்க சும்மா இருங்க. தள்ளினவருக்கு உள்ள இருக்கறது என்ன தெரியும்?" என்ற மெய்-யுவே, எண்ணெய் விரலால் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னக் கோட்டைத் தொட்டாள். "இது என்னடி?"

"நடுக்கதவு. ரெண்டு அறைக்கும் நடுவுல திறந்துக்கலாம். குடும்பமா போறவங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க. இன்னும் ஒரே ஒரு ஜோடிதான் பாக்கி."

மெய்-யுவேக்கு முகம் மலர்ந்துவிட்டது. நடுக்கதவைத் திறந்து வைத்தால் ஒரே வீடு. மகள் அந்தப் பக்கம், தான் இந்தப் பக்கம். அந்த மலர்ச்சி ஒரு ரொட்டி வேகும் நேரம்கூட நீடிக்கவில்லை. ஒரே வீடு என்றால், அது யார் வீடு? காசு கொடுப்பவள் வீடு. அதாவது யீ-செனின் பிறந்த வீடு.

கட்டிக்கொடுத்த மகளும் மருமகனும் பிறந்த வீட்டில் ஒரே அறையில் படுக்கக் கூடாது. படுத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. மெய்-யுவேயின் அம்மாவும் இதைக் கடைப்பிடித்தவள். இலானில் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தியென்-ஃபு கூடத்து பெஞ்சில்தான் படுத்தார், காலை மடக்கிக்கொண்டு. இந்தக் காலத்தில் பாதிப் பேர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. மெய்-யுவேயும் அவ்வளவாகப் பார்க்காமல்தான் இருந்தாள். யீ-சென் கல்யாணமான வருஷம் புயலில் ரயில் நின்றுபோய், இருவரும் அவளுடைய பழைய அறையில் தங்கும்படி ஆனது. அதற்கு அடுத்த வாரம் படகில் வடம் அறுந்து தியென்-ஃபுவின் காலில் அடித்தது. எலும்பு இரண்டு துண்டு. அவர் இன்றைக்கும் படியேறும்போது ஒரு பக்கம் சாய்வார்.

மெய்-யுவே மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு "இன்னைக்கு ராத்திரி இங்கயே தங்கு" என்றும் சொல்லவில்லை. புத்தாண்டின் இரண்டாம் நாள், மகள்கள் பிறந்த வீடு வரும் நாளில், யீ-சென் மதியம் வந்து சாயங்கால ரயிலில் போய்விடுவாள். எட்டு வருஷமாக அப்படித்தான். மெய்-யுவே ரயிலடி வரை போய் வழியனுப்பிவிட்டு, திரும்பும் வழியில் அழுதுவிட்டு வருவாள். அந்த மகளைக் கப்பலிலாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணமே. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே அவள் தன் மூளையைக் கசக்கி ஓர் ஏற்பாடு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சோயா பால் வாளியில் சாய்த்து வைத்துக்கொண்டு அறிவித்தாள்.

"நடுக்கதவு அறை ரெண்டுல, ஒண்ணுல நானும் யீ-சென்னும். பக்கத்துல மாப்பிள்ளையும் யூ-தேவும். அப்பாவுக்குத் தனியா ஜன்னல் இல்லாத அறை."

"எனக்கு சந்தோஷம்" என்றார் தியென்-ஃபு, கொஞ்சம் வேகமாகவே.

"எனக்கு இல்ல" என்றான் யூ-தே. "அக்கா புருஷன் விடற குறட்டைக்கு எங்க ஃபேக்டரி மெஷின் தேவல. மாமா, தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவால்ல" என்றான் போ-யென்.

யீ-சென் சிரிக்கவில்லை. "அம்மா, ஒண்ணு கேக்கறேன். யூ-தே அவன் ஆள் கூட நம்ம வீட்டுக்கு வந்தா எங்க படுக்கறாங்க?"

"அவன் ரூம்லதான். ஏன்?"

"கல்யாணம் ஆகாதவங்க ஒரே ரூம்ல படுக்கலாம். ஊரறியக் கல்யாணம் பண்ணின நாங்க கூடாது. அதுவும் கப்பல்ல. அது எவனோ வெளிநாட்டுக்காரன் கப்பல், உன் வீடா?"

"காசு நான் குடுக்கறேன்ல. அப்போ என் வீடுதான்."

"சரி, நேராவே சொல்லு. அப்பா கால் ஒடிஞ்சதுக்கு நான்தான் காரணம்னு நினைக்கற. எட்டு வருஷமா நினைக்கற."

வாளிக்குப் பின்னால் பால் பொங்கியது. மெய்-யுவே அடுப்பை அணைக்கத் திரும்பினாள். திரும்பினவள் முகத்தைக் காட்டவில்லை.

"வடம் பழசு, அறுந்துச்சு" என்றார் தியென்-ஃபு. "வடத்துக்கும் எம்பொண்ணு தூங்கினதுக்கும் என்ன சம்பந்தம்? கால் என்னுது. நானே ஒண்ணும் சொல்லல."

"அம்மாவும்தான் ஒண்ணும் சொல்லல" என்றாள் யீ-சென். "நீங்களே போயிட்டு வாங்க." திரை இருண்டது.

மறுநாள் ட்சாய் வந்தபோது மெய்-யுவே புதிதாக ஒரு யோசனை வைத்திருந்தாள். மகளையும் மருமகனையும் மேல் தளத்தின் கடைசியில் போட்டுவிட்டுத் தாங்கள் கீழ்த்தளத்தின் முதலில் எடுத்துக்கொண்டால், அது வேறு வீடு போலத்தானே? ட்சாய் வரைபடத்தில் இரண்டு இடத்தையும் தொட்டுக் காட்டினாள். இரண்டு கையையும் விரிக்க வேண்டியிருந்தது.

"இவ்வளவு தூரம்னா அவங்க தாய்ச்சுங்லயே இருக்கலாமே அக்கா" என்றாள். "நடுக்கதவு அறைய நாளைக்கு மேல பிடிச்சு வெக்க முடியாது. கேட்டுட்டே இருக்காங்க."

மெய்-யுவே அன்று யாரையும் அழகி என்று கூப்பிடவில்லை. மீன்காரி சோயா பாலைக் குடித்துவிட்டு, "எனக்கு என்ன வயசாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டே போனாள்.

அடுத்த நாள் காலை நெரிசலில், தலை நிமிராமல் ரொட்டியைச் சுருட்டியபடி, "என்ன அழகா, என்ன வேணும்?" என்றாள்.

"முட்டை ரொட்டி ஒண்ணு, அத்தை."

நிமிர்ந்தாள். போ-யென் மழைக் கோட்டில் நீர் சொட்ட நின்றிருந்தான். முதல் ரயில் பிடித்து வந்திருக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. வரிசையில் நின்று வந்திருக்கிறான், மருமகன் என்று முன்னால் வரவில்லை.

"மாப்பிள்ளை? யீ-சென்னுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நான் வந்தது அவளுக்குத் தெரியாது." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் எட்டு வருஷத்தில் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அன்று பேசிய அளவுக்கு வராது. "அந்த நடுக்கதவு அறை ரெண்டையும் நான் எடுத்துக்கறேன் அத்தை. என் பேர்ல, என் காசுல. அப்போ அது எங்க வீடு. நீங்களும் மாமாவும் எங்க வீட்டுக்கு வந்து தங்கறீங்க. எங்க வீட்ல நாங்க ஒரே அறையில படுத்தா யாருக்கு என்ன ஆகும்?"

வரிசையில் நின்ற தபால்காரர் "நியாயம்தான்" என்றார்.

"உங்கள யாரு கேட்டா, அழகா?" என்று அவரை அதட்டிவிட்டு, மெய்-யுவே மருமகனைப் பார்த்தாள். "கூட்டிட்டுப் போறவ நானு. என்னைப் போய் விருந்தாளி ஆக்கறீங்களா?"

"ஆமா அத்தை."

"எனக்கு உக்காந்து சாப்பிடறதெல்லாம் வராது."

"தெரியும். எட்டு வருஷமா அவ உங்கள எங்க வீட்டுக்குக் கூப்பிடறா. கடை, கடைன்னு ஒரு நாள்கூட நீங்க தங்கினதில்ல. அவளும் இங்க தங்கறதில்ல, நீங்களும் அங்க தங்கறதில்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "புத்தாண்டுக்கு வந்துட்டுப் போற ரயில்ல, தாய்ச்சுங் வரைக்கும் அழுதுட்டே வருவா அத்தை."

கல்லில் முட்டை கருகியது. வாடிக்கைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெய்-யுவேயின் கல்லில் முட்டை கருகி யாரும் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் ரயிலடியிலிருந்து திரும்பும் வழியில் தான் அழுததும், அந்தப் பக்கம் ரயிலில் மகள் அழுததும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் தன் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று மகளைத்தான் வெளியே நிறுத்தி வைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, "யூ-தே அறை என் செலவு" என்றாள்.

"சரி அத்தை."

"கப்பல்ல சாப்பாடு என் செலவு."

"சாப்பாடு டிக்கெட்லயே சேந்தது."

"அப்போ ஒக்கினாவால ஐஸ்கிரீம் என் செலவு. அதுக்கு மேல பேசாதீங்க. இந்த ரொட்டிக்குக் காசு வேண்டாம், உக்காருங்க."

கப்பல் ஏறிய அன்று கீலுங்கில் வழக்கம்போல மழை. தியென்-ஃபு உள்ளே போகாமல் கைப்பிடியில் சாய்ந்து, கப்பலைத் தள்ளிக்கொண்டிருந்த தன் பழைய படகைப் பார்த்துக் கத்திக் கத்தி வழி சொல்லிக்கொண்டிருந்தார். கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. யூ-தே தனக்குக் கிடைத்த தனி அறையில் செருப்பைக் கழற்றிய கையோடு தூங்கிப்போனான்.

நடுக்கதவு பூட்டியிருந்தது. பணியாள் வந்து சாவி போட்டுத் திறந்துவிட்டுப் போனான். அந்தப் பக்கம் யீ-சென் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். மெய்-யுவே வாசற்படியைத் தாண்டவில்லை, இந்தப் பக்கமே நின்றாள்.

"யீ-சென். கால் விஷயம்."

"விடும்மா. அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"விட மாட்டேன். நான் பயந்தேன். உம்மேல பழி போடணும்னு இல்ல, பயந்தேன். பயத்த உங்கிட்டச் சொல்லியிருந்தா நீ ரெண்டு திட்டு திட்டியிருப்ப, தீந்திருக்கும். சொல்லாம வெச்சேன், அது பழி மாதிரியே ஆயிடுச்சு. தப்பு எம்மேல."

யீ-சென் கையில் இருந்த சட்டையை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு, "ஏன் அங்கயே நிக்கற? எங்க வீட்டுக்கு வந்துட்டு வாசல்ல நிக்கறது நல்லா இல்ல" என்றாள். மெய்-யுவே உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மெய்-யுவேக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள். மாவு கரைக்க வேண்டியதில்லை, பால் காய்ச்ச வேண்டியதில்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பக்கத்தில் தியென்-ஃபு, அந்தப் பக்கத்து அறையில் மருமகன், இருவரும் போட்டி போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிலை விட்டு இறங்கிப் போர்வையை மடித்தாள். மேசையைத் துணியால் துடைத்தாள், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

நடுக்கதவு மெல்லத் திறந்தது. யீ-சென் கப்பலில் கொடுத்த குளியல் துண்டு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள். சின்ன வயதில், பள்ளிக்கூடம் போகும் முன் கடையில் வேலை செய்த நாட்களில் அப்படித்தான் கட்டுவாள். தலை கலைந்திருந்தது.

"என்ன அழகி" என்றாள் கிசுகிசுப்பாக, "என்ன சாப்பிடறீங்க?"

மெய்-யுவே கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு, தன் கடைக்கு வரும் மிக மோசமான வாடிக்கைக்காரியைப் போலக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"முட்டை ரொட்டி. வெங்காயத்தாள் வேண்டாம். சாஸ் தனியா. சோயா பால் சூடா, சக்கரை பாதி. சீக்கிரம்."

"இங்கேயா, பார்சலா?"

"இங்கேயேதான்" என்றாள் மெய்-யுவே.